"அவங்களுக்குப் பழகிடுச்சு" என்கிறவர்களுக்கு

நகரத்து நண்பர்கள் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம், "அவங்களுக்குப் பழகிடுச்சுங்க" என்பதுதான். வரப்பில் நின்று நடவைப் பார்ப்பார்கள். காலையிலிருந்து நிமிராத முதுகுகளைப் பார்த்து முதலில் "பாவம்" என்பார்கள், அடுத்த மூச்சில் இதைச் சொல்வார்கள். அவர்கள் தெருவில் குப்பை வண்டி தள்ளிக்கொண்டு வருகிற அம்மாவைப் பற்றியும் இதையேதான் சொல்கிறார்கள். வீட்டு நாப்கினையும் மீன் செதிலையும் பால் பாக்கெட்டையும் வெறும் கையால் பிரித்துப் போடுகிற அம்மா. அதற்கும் "பழகிடுச்சு".

இந்த வாக்கியம் பொய். அதிலும் ரொம்ப வசதியான பொய். பிளாஸ்டிக் மறுபயன்பாடு, மறுசுழற்சி என்று நாம் பெருமையாகப் பேசுகிற விஷயமெல்லாம் கடைசியில் இந்தப் பொய்யின் மேல்தான் நிற்கிறது.

நான் எழுதுகிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சீர்காழிக்குக் கிழக்கே, கடல் பக்கம். காவிரியின் கடைமடை. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். வந்து சேரும்போது தண்ணீருக்கு முன்னால் வேறொன்று வரும். நுரை கட்டிக்கொண்டு வருகிற முதல் தண்ணீரின் தலையில் பாட்டில், தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு, டயாபர், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே எல்லாம் சாமி புறப்பாடு மாதிரி வரிசையாக வரும். மேல்மடையில் இருக்கிறவர்கள் தண்ணீரை எடுத்துக்கொள்வார்கள், குப்பையை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தண்ணீர் கடைமடைக்கு வராமல் போன வருஷம் உண்டு. குப்பை வராமல் போன வருஷம் கிடையாது.

2022 நவம்பர் 11-ஆம் தேதி மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. சம்பா மொத்தமும் முழுகியது. சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் ரேஷன் கார்டுக்கு 1000 ரூபாய் கொடுத்தார்கள். டிவியில் வந்தது அவ்வளவுதான். தண்ணீர் வடிந்த பிறகு வயலில் என்ன கிடந்தது என்பது டிவியில் வரவில்லை. மதகு வாயில் பைகள் அடைத்துக்கொண்டு நின்றதால் வடிய வேண்டிய தண்ணீர் கூடுதலாகத் தேங்கியது. வடிந்ததும் பயிர் எது, பை எது என்று தெரியாமல் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தது. அதைப் பொறுக்கியெடுத்தது எங்கள் ஊர்ப் பெண்கள். பாட்டில் சில்லு, உடைந்த பக்கெட்டின் விளிம்பு, ஊசி. சேற்றுக்குள் கண்ணுக்கு வேலை இல்லை. கால்தான் கண்டுபிடிக்கும், கண்டுபிடிக்கிற விதம் உங்களுக்கே தெரியும்.

மறுபயன்பாடு என்று கிராமத்துக்குப் பாடம் எடுக்க வருகிறவர்களிடம் ஒரு யூரியா சாக்கின் கதையைச் சொல்வேன். 2018 வரை 50 கிலோ மூட்டை, இப்போது 45. உரம் தெளித்த அன்றே சாக்கை அலசிக் காயப்போட்டுவிடுவார்கள். நல்ல சாக்கு தவிடு பிடிக்கப் போகும். ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடக்கிச் சொருகினால் கொங்காணி. ஐப்பசி மழையில் களை எடுக்கிற பெண்களுக்குத் தலையிலிருந்து இடுப்பு வரை அதுதான் ரெயின்கோட். ஏழெட்டைப் பிரித்துச் சேர்த்துத் தைத்தால் படுதா, அதில் உளுந்து காயும். கிழிந்தால் ஆட்டுக்குட்டிக்கு விரிப்பு, கொட்டகைக்கு மறைப்பு. அதற்கும் ஆகாது என்றானபின் இழை இழையாக உருவிக் கயிறு திரிப்பார் பக்கத்து வீட்டுப் பெரியப்பா. ஓட்டைக் குடத்தில் கற்பூரவள்ளி வளரும். பெயிண்ட் டப்பாவில் மாட்டுக்குத் தண்ணீர். பழைய கேசட் நாடாவைக் கதிர் வந்த வயலுக்கு மேல் இழுத்துக் கட்டினால் காற்றில் விர்ர்ர் என்று சத்தம் போட்டுக் குருவி விரட்டும். கேசட் ஒழிந்ததும் அந்த உத்தியும் ஒழிந்தது. (பூச்சிமருந்து டப்பாவைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைக்கிறவர்களும் ஊரில் உண்டு. அவர்களோடு எனக்கு இருக்கிற சண்டை தனி.)

இதற்கெல்லாம் மறுபயன்பாடு என்று பெயர் என்பது எங்களுக்குத் தெரியாது. சிக்கனம் என்போம். சில வருஷம் இல்லாமை என்போம்.

எங்களைத் தோற்கடித்தது சாஷே. அது பிறந்த ஊரும் இங்கேதான், கொள்ளிடம் தாண்டி வடக்கே போனால் கடலூர். பாட்டில் வாங்க முடியாத கூலிக்காரரும் ஷாம்பு போட வேண்டும் என்று யோசித்துச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். நல்ல யோசனைதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பிள்ளைகள் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள், பிறகு எல்லாக் கம்பெனியும் அந்த வழிக்கு வந்தது. இன்று காபித்தூளிலிருந்து ஊறுகாய் வரைக்கும் சாஷே. பல சாஷேகளில் பிளாஸ்டிக்கோடு அலுமினியத் தாளும் ஒட்டியிருக்கிறது. சாக்கைப் பத்துத் தடவை பயன்படுத்தலாம். இதைத் தைக்க முடியாது, திரிக்க முடியாது, காயலான் கடைக்காரர் கையாலும் தொடமாட்டார். விலை இல்லாத பிளாஸ்டிக்.

"அதுக்குத்தான் பிளாஸ்டிக் ரோடு வந்திருச்சே" என்று உடனே சொல்வீர்கள். வந்திருக்கிறது. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்தது. 2002-ல் கல்லூரி வளாகத்துக்குள் போட்டுப் பார்த்தார். 2006-ல் காப்புரிமை, 2018-ல் பத்மஸ்ரீ. ஜல்லியை 170 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, பொடிப்பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன் மேல் தூவினால் உருகி ஜல்லி மேல் மெல்லிய தோலாகப் படிந்துவிடும். பிறகு தார். தண்ணீர் உள்ளே இறங்காது, ரோடு சீக்கிரம் பெயராது. பல ஊராட்சிகளில் மகளிர் குழுக்கள் பிளாஸ்டிக்கை வாங்கி நறுக்கிக் கொடுத்தார்கள். தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், நானும் அந்த ரோட்டில்தான் நெல் ஏற்றிப் போகிறேன்.

ஆனால் நறுக்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பிளாஸ்டிக் காய்ந்திருக்க வேண்டும், மண்ணும் சோறும் ஒட்டியிருக்கக் கூடாது. பி.வி.சி. ஒன்று கூடக் கலக்கக் கூடாது, கலந்து சூடேறினால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வரும். சூடாக்க இயந்திரம் இருக்கிறது, நறுக்க இயந்திரம் இருக்கிறது, கலக்க, பரப்ப, அழுத்த எல்லாவற்றுக்கும் இயந்திரம் இருக்கிறது. பிரிக்க மட்டும் கை.

ஒரு கணக்குப் போடலாம். ஒருவழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டன் பிளாஸ்டிக் என்பார்கள், அதாவது சுமார் 10 லட்சம் கேரி பேக். ஒரு பையை எடுத்து, உதறி, பார்த்து, சரியான குவியலில் போட மூன்று விநாடி என்று வையுங்கள். 30 லட்சம் விநாடி. 833 மணி நேரம். ஒரு ஆள் தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 104 நாள். ஒரு கிலோமீட்டருக்கு! நீங்கள் பைக்கில் ஒரு நிமிஷத்தில் கடக்கிற தூரத்துக்குள் ஒரு பெண்ணின் 104 நாள் கிடக்கிறது. அந்த 10 லட்சம் பைகளில் எத்தனைக்குள் பிளேடு இருந்தது, எத்தனைக்குள் இன்சுலின் ஊசி இருந்தது என்று எந்தத் திறப்பு விழாவிலும் யாரும் படிக்கவில்லை.

ரோட்டுக்கு ஆகாதது அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் சூளைக்குப் போகிறது. அதற்கும் பிரிக்க வேண்டும். எந்தக் கதவைத் திறந்தாலும் முதல் அறையில் அதே கை உட்கார்ந்திருக்கிறது.

கிராமத்தில் அந்தக் கைக்குத் தூய்மைக் காவலர் என்று பெயர். வாங்குவதற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை, மதிப்பூதியம். எங்கள் ஊராட்சியில் அந்த வேலை பார்க்கிற அக்காவிடம் ஒரு நாள் கேட்டேன்.

"ஊசி குத்தினா என்னக்கா பண்ணுவீங்க?"

"கழுவிட்டு மஞ்சப்பத்து போடுவேன் தம்பி."

"வலிக்காதா?"

"வலிக்காம என்ன? வலிச்சா யாருட்ட போயிச் சொல்றது?"

"அவங்களுக்குப் பழகிடுச்சு" என்கிறவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் வலி இல்லை என்று தப்பாகப் படிக்கிறார்கள்.

இந்த இடத்தில் படித்த நண்பர்கள் அறிவியலைக் கொண்டுவருவார்கள். "வலி ஆளுக்கு ஆள் மாறும்னு ஆராய்ச்சியே இருக்குங்க" என்பார்கள். இருக்கிறது. நானும் தேடித்தேடிப் படித்திருக்கிறேன். அந்த ஆராய்ச்சி அவர்கள் பக்கம் பேசவில்லை என்பதுதான் என் வாதம்.

2003-ல் அமெரிக்காவில் 17 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எல்லோருக்கும் காலில் ஒரே சூடு, 49 டிகிரி. எவ்வளவு வலிக்கிறது என்று 10-க்கு மார்க் போடச் சொன்னார்கள். ஒருவர் 1 என்றார். இன்னொருவர் கிட்டத்தட்ட 9 என்றார். 9 சொன்னவர் நடிக்கிறாரா என்ற சந்தேகம் நமக்கு வருமில்லையா, அதற்காகத்தான் மூளையையும் ஸ்கேன் எடுத்தார்கள். அதிகம் வலிக்கிறது என்று சொன்னவர்களின் மூளையில் வலி சம்பந்தப்பட்ட சில இடங்கள் உண்மையாகவே அதிகம் வேலை செய்தன. சொன்னது பொய் இல்லை. வெளியே நின்று பார்க்கிறவருக்கு 17 பேரும் ஒரே மாதிரிதான் தெரிந்திருப்பார்கள்.

ஆக, வித்தியாசம் இருப்பது ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில். உங்கள் அபார்ட்மெண்டிலும் 1 இருப்பார், 9 இருப்பார். எங்கள் நடவு வரிசையிலும் 1 இருப்பார், 9 இருப்பார். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கேட்டால்தான் தெரியும். வலியை ஆராய்கிறவர்களின் சர்வதேச சங்கம் 1979-ல் எழுதிய விளக்கத்தை 2020-ல் திருத்தியபோது இதையே சேர்த்தார்கள்: வலி எப்போதும் அவரவர் அனுபவம், ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும், சொல்ல முடியாதவருக்கு வலி இல்லை என்று ஆகிவிடாது. எங்கள் ஊருக்கு இது புதுசில்லை. குளக்கரையில் பிள்ளை அழுததும் அம்மனே பால் கொண்டுவந்தாள் என்பதுதான் சீர்காழிச் சம்பந்தர் கதை. அழுத பிள்ளைக்குப் பால் கிடைக்கும் என்கிற பழமொழியை எல்லோரும் சொல்கிறோம். அழ நேரமில்லாதவர்களைப் பற்றிப் பழமொழி இல்லை.

இன்னொன்று. வலி எங்கே தொடங்குகிறது என்பது வேறு, எதுவரைக்கும் தாங்குகிறார் என்பது வேறு. ஐஸ் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லும் சோதனையில் இரண்டையும் தனித்தனியாகத்தான் குறிப்பார்கள். எப்போது வலிக்க ஆரம்பித்தது, எப்போது கையை எடுத்தார். சோதனைக்கூடத்தில் முடியவில்லை என்றால் கையை எடுத்துவிடலாம். நடவில் எடுத்தால் அன்றைய கூலி போச்சு. தாங்குகிறார்கள் என்றால் வலிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை, வலியைவிடக் கூலி கனமாக இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் நடவு ஆட்களில் இரண்டு பேர். ஏறக்குறைய ஒரே வயது, இருவருக்கும் ஒரே நேரத்தில் சேற்றுப்புண். ஒருவர் மருதாணியை அரைத்து விரலிடுக்கில் அப்பிக்கொண்டு மறுநாள் வந்துவிடுவார். இன்னொருவர் ராத்திரியெல்லாம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார், வேலைக்கு வர மாட்டார். ஊர் என்ன சொல்லும்? முதலாமவரை "கெட்டிக்காரி" என்னும். இரண்டாமவரை "நோக்காடு புடிச்சவ, நடிக்கிறா" என்னும். சொல்வது மிராசு வீடு மட்டுமில்லை, கூட நடுகிற பெண்களும்தான். இந்த விஷயத்தில் நகரம் மட்டும் குற்றவாளி என்று எழுதினால் அது ஏமாற்று.

தோல் தடித்துப் போயிருக்கும், அதனால் உறைக்காது என்றும் ஒரு வாதம் உண்டு. பாதம் காய்த்துப் போனவர்களைப் பற்றி 2019-ல் ஒரு ஆய்வு வந்தது. கென்யாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களையும் செருப்புப் போடுகிறவர்களையும் ஒப்பிட்டார்கள். வெறுங்கால்காரர்களுக்குப் பாதத் தோல் தடிப்பாகத்தான் இருந்தது. ஆனால் தரையின் அதிர்வை உணர்கிற திறன் அந்தத் தடிப்பால் குறையவில்லை. காய்ப்பு என்பது உடம்பு தானே தைத்துக்கொண்ட செருப்பு. அதற்குள் இருக்கிற கால் உயிரோடுதான் இருக்கிறது.

"அவங்க தோல் வேற" என்பது உலகம் முழுக்க வியாபாரமான சரக்கு. 2016-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளை மருத்துவ மாணவர்களையும் பயிற்சி டாக்டர்களையும் கேட்டபோது, கறுப்பர்களின் தோல் தடிப்பு என்பது போன்ற ஏதாவது ஒரு பொய்யைப் பாதிப் பேர் நம்பினார்கள். நம்பியவர்கள் கறுப்பு நோயாளிகளின் வலிக்குக் குறைவாக மார்க் போட்டார்கள், மருந்து பரிந்துரைப்பதிலும் தவறினார்கள். இவர்கள் டாக்டர்கள்! 1980-கள் வரைக்கும் பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி, போதுமான மயக்க மருந்து இல்லாமலே அறுவை செய்தார்கள். கன்வல்ஜீத் ஆனந்த் என்ற இந்திய டாக்டர் 1987-ல் ஆதாரத்தோடு நிறுவிய பிறகுதான் அது மாறத் தொடங்கியது. குழந்தையால் புகார் கொடுக்க முடியாது, அதனால் வலி இல்லை. யாருக்கு வலி கம்மி என்று கேட்டுப் பாருங்கள், எப்போதும் யாருக்குக் குரல் கம்மியோ அவர்கள் பெயர்தான் வரும்.

இந்த டெல்டாவில் இதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையே இல்லை. சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்த மண் இது. பண்ணையாட்களைக் கட்டிவைத்து அடித்தவர்கள் எல்லோரும் ராட்சசர்கள் இல்லை, வீட்டில் பேரனுக்குத் தும்மல் வந்தால் பதறியவர்கள்தான். "அவனுகளுக்கு ஒறைக்காது" என்று உண்மையாகவே நம்பினார்கள். சங்கம் கட்டி, கொடி பிடித்து, ரத்தம் சிந்தி, 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சவுக்கு போய்விட்டது. அந்த நம்பிக்கை மட்டும் போகவில்லை, மரியாதையான தமிழுக்கு மாறி "அவங்களுக்குப் பழகிடுச்சுங்க" ஆகிவிட்டது. அன்று எந்தச் சேரியிலிருந்து பண்ணையாள் வந்தாரோ, இன்று அநேக ஊர்களில் குப்பை வண்டியும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. இதைத் தற்செயல் என்று சொல்கிறவரோடு நான் பேச விரும்பவில்லை.

சரி, ஒரு பேச்சுக்கு உங்கள் வாக்கியத்தை ஏற்றுக்கொள்கிறேன். அந்த அக்காவுக்கு உண்மையிலேயே வலி தெரியாது என்று வையுங்கள். அப்போதாவது வெறும் கை சரியா?

பாகிஸ்தானில் ஒரு பையன் இருந்தான். பிறவியிலேயே வலி என்பது என்னவென்று தெரியாது. தெருவில் கையில் கத்தியைச் செருகிக் காட்டுவான், தணலில் நடந்து காட்டுவான், காசு வாங்குவான். ஆராய்ச்சிக்காரர்கள் அவனைப் பார்க்கப் போவதற்குள், 14-வது பிறந்தநாளுக்கு முன்னாலேயே, வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துவிட்டான். அவன் சொந்தபந்தங்களில் அதே நிலை இருந்தவர்களைச் சோதித்துத்தான் 2006-ல் ஒரு மரபணுக் கோளாறைக் கண்டுபிடித்தார்கள். வலி தெரியாதவர்கள் நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள், எலும்பு முறிந்ததே தெரியாமல் நடக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், வேலூர் போதும். 1946-ல் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் என்ற டாக்டர், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைகின்றன என்று பார்த்தார். நோய் விரலைத் தின்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நரம்பு செத்து வலி போனதால், சுடுகிற பாத்திரத்தையும் குத்துகிற ஆணியையும் உடம்பு விலக்கவில்லை, காயம் மேல் காயம் பட்டுத்தான் விரல் போகிறது என்று காட்டினார். அந்தக் கால்களுக்காக அங்கே எடுத்துக்கொண்ட முயற்சியில் வந்ததுதான் எம்.சி.ஆர். செருப்பு. இன்று சர்க்கரைக்காரர்களுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கிறாரே, அதே செருப்பு. வலி தெரியாத காலுக்கு மற்றவர்களைவிட நல்ல செருப்பு வேண்டும் என்பது வேலூர் பாடம். வலி தெரியாத காலுக்குச் செருப்பே வேண்டாம் என்பது நம் பாடமாக இருக்கிறது.

சர்க்கரை இப்போது எங்கள் கூலிக்காரர்கள் வீட்டிலும் இருக்கிறது. கால் மரத்துப் போனவர் சேற்றில் கண்ணாடிச் சில்லை மிதித்தால் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அந்தக் காயத்துக்குள் எலிக்காய்ச்சல் கிருமி நுழைய வலி வேண்டியதில்லை. தண்ணீர் தேங்கிய வயலும் கீறல் விழுந்த தோலும் போதும்.

காட்டு விலங்குகளுக்கு நாம் இதைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டோம். உடைந்த மது பாட்டில்கள் காட்டு விலங்குகளைக் காயப்படுத்துகின்றன என்று உயர் நீதிமன்றம் வரை போய், 2022-ல் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைக் கொடுக்கும் திட்டம் வந்தது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போனது. ரொம்ப நல்ல திட்டம். யானைக்குப் பழகிடுச்சு என்று யாரும் சொல்லவில்லை பாருங்கள். பத்து ரூபாய் வைத்ததும் பாட்டில் தானாக நடந்து கடைக்குத் திரும்புகிறது. அதே மாதிரி சாஷேவுக்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தயாரித்தவரே விலை வைத்துத் திரும்ப எடுக்கட்டும். உற்பத்தியாளர் பொறுப்பு என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு விரிவாக விதி போட்டிருக்கிறது. எங்கள் வாய்க்கால் மதகுக்கு அந்த விதி இன்னும் வந்து சேரவில்லை. அது மேல்மடையிலேயே நின்றுவிட்டது போலிருக்கிறது.

மஞ்சப்பையைப் பற்றிக் கேட்பீர்கள். 2019 ஜனவரி 1-லிருந்து 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை. இரண்டையும் ஆதரிக்கிறேன். வராத குப்பையைப் பிரிக்க வேண்டியதில்லை, அதைவிடச் சிறந்த கையுறை கிடையாது. ஆனால் சீர்காழிக் கடைத்தெருவில் மீன் வாங்கினால் இன்றும் என்ன பையில் வருகிறது என்பதை நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா.

"கையுறை கொடுத்தாலும் அவங்க போட மாட்டேங்கறாங்க சார்" என்பது கடைசி அஸ்திரம். கொடுத்த கையுறையை நீங்கள் ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள். ஆம்பளை அளவு, விரல் நுனியில் ஒரு அங்குலம் தொங்கும். சித்திரை வெயிலில் உள்ளே வியர்த்துக் கை ஊறிப்போகும். எண்ணெய் ஒட்டிய சாஷேவை அதைப் போட்டுக்கொண்டு எடுக்க முடியாது, வழுக்கும். மெல்லிய ரப்பரை ஊசி மதிக்காது. 2016 திடக்கழிவு விதியில் சீருடை, கையுறை, மழைக்கோட்டு, தகுந்த காலணி, முகக்கவசம் என்று வரிசையாக எழுதியிருந்தது. "தகுந்த" என்ற சொல்லை யாரும் படிப்பதில்லை. பிரிக்கிறவர் கையை அளந்து வாங்க வேண்டும், கிழிந்தால் மறுநாளே அடுத்தது வர வேண்டும், டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும், ஊசி குத்தினால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, அன்றைய கூலி யார் தருவது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

விதிப்படி வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பது உங்கள் வேலை, ஊராட்சி வேலையோ மாநகராட்சி வேலையோ கிடையாது. மக்குவது, மக்காதது, ஆபத்தானது. பால் பாக்கெட்டை அலசிக் காயவைக்க அரை நிமிஷம். மூலையை முழுசாக வெட்டி எறியாமல் ஓரத்தில் கீறித் திறந்தால் அந்தக் குட்டித் துண்டு எங்கள் வாய்க்காலுக்கு வராது. பிளேடையும் ஊசியையும் மூடியுள்ள டப்பாவில் போட்டு, நிறைந்ததும் மூடி, மேலே எழுதிக் கொடுக்கலாம். நாப்கினைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. அந்த அக்காவிடம் என்ன வேணும் என்று கேட்டபோது கையுறை கேட்கவில்லை, சம்பளம் கூடக் கேட்கவில்லை. "பேப்பர்ல சுத்தி மேல செவப்புப் பேனாவால ஒரு புள்ளி வைக்கச் சொல்லு தம்பி. பாத்தவொடனே தெரிஞ்சுக்குவேன், கைய உள்ள விட மாட்டேன்" என்றார்.